குடத்துக்குள் யார் பெயர்?

ஐ.பி.எல். ஏலம் நெருங்கும்போதெல்லாம் நாளேடுகளிலும் இணையத்திலும் ஒரு பட்டியல் தவறாமல் வெளிவருகிறது. இன்னும் இந்திய அணிக்கு ஆடாத இளைஞர்களுள் கவனிக்கத்தக்க பத்துப் பேர் என்பது போன்ற தலைப்பு. ஒன்றிலிருந்து பத்து வரை எண். ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே ஒரு பெயரும் இரண்டு வரிப் புகழுரையும். தமிழ்நாட்டைப் பற்றிய பட்டியலானால் டி.என்.பி.எல். ஆட்டங்களில் கண்ணில் பட்டவர்கள் அதில் இடம்பெறுவார்கள். இவற்றை நான் ஆவலோடு படிப்பவன். ஆயினும் இவற்றோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. ஏழாம் இடத்தில் இருப்பவனுக்கும் எட்டாம் இடத்தில் இருப்பவனுக்கும் என்ன வேறுபாடு என்பதை இதுவரை எந்தப் பட்டியலும் எனக்கு விளக்கியதில்லை.

இலக்கியம் பேசும் இடத்தில் கிரிக்கெட்டுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் முகம் சுளிக்க வேண்டாம். சிறந்த நாவல்கள் பத்து, சிறந்த சிறுகதைகள் நூறு என்று வரிசை போட்டு, அந்த வரிசைக்காக நட்பையும் முறித்துக்கொண்டவர்கள் நாம். நம் பட்டியல்களால் பெரிய கேடு ஒன்றும் விளைந்துவிடுவதில்லை. பட்டியலில் இல்லாத நாவலாசிரியர் மறுநாளும் தம் அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்திடுவார். பத்தொன்பது வயதுப் பையனின் நிலை அப்படியன்று. அந்த ஆண்டு எவர் கண்ணிலும் படவில்லையென்றால், அடுத்த ஆண்டு அவன் திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ இருப்பான்.

இந்த வரிசைப்படுத்தும் கலையை ஒரு தொழிலாகவே வளர்த்தவர்கள் அமெரிக்கர்கள். அவர்களுடைய பேஸ்பால் அணிகள் பள்ளி, கல்லூரி மாணவர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் 1965-இல் தொடங்கியது. அதற்குப் பல மாதங்கள் முன்பிருந்தே ஊர் ஊராகச் சுற்றும் தேர்வர்கள், அடித்தல், அடியின் வலு, ஓட்டம், பந்து பிடித்தல், எறிதல் என ஒவ்வொன்றுக்கும் 20 முதல் 80 வரை மதிப்பெண் இடுகிறார்கள். 50 என்றால் உயர்நிலை ஆட்டத்தில் சராசரி. இத்தனை கருவிகளோடும் அவர்கள் கண்டது என்ன? 1991-இல் முதல் ஆளாக நியூயார்க் யாங்கீஸ் எடுத்துக்கொண்ட பிரையன் டெய்லர், ஒரு கைகலப்பில் தோளைக் கெடுத்துக்கொண்டு, உயர்நிலை ஆட்டம் ஒன்றுகூட ஆடாமலே ஓய்ந்தார். 1988-இல் 62-ஆம் சுற்றில், 1,390-ஆவது பெயராக அழைக்கப்பட்டவர் மைக் பியாசா. அவருடைய தந்தை டாட்ஜர்ஸ் அணி மேலாளர் லாசோர்டாவின் நண்பர். அந்த நட்புக்காக எடுக்கப்பட்ட ஆள். 2016-இல் அவர் பேஸ்பாலின் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார். அவருக்கு முன்னே 1,389 பெயர்கள் வாசிக்கப்பட்டன என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை, அச்சமே வருகிறது. லாசோர்டாவைப் போன்ற குடும்ப நண்பர் வாய்க்காத பியாசாக்கள் எத்தனை பேர்?

நம் பக்கத்துக்கு வருவோம். டி.என்.பி.எல். 2016-இல் தொடங்கியபோது அணிகள் முறைவைத்தே ஆட்களை எடுத்தன. 2023-இல் அது ஏலமாக மாறியது. முறைவைத்து எடுக்கையில் ஒருவனுக்குக் கிடைப்பது ஓர் எண். ஏலத்தில் கிடைப்பது விலை. விலையும் ஒருவகை வரிசைதான். ஆனால் எண்ணைக் காட்டிலும் நெடுங்காலம் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் வீசிக்கொண்டிருந்த நடராஜனை 2017 ஏலத்தில் பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. அந்தப் பருவத்தில் ஆறு ஆட்டங்கள், இரண்டு விக்கெட். மறு ஆண்டு அவர் விலை 40 இலட்சம். ஐதராபாத் அணியில் இரண்டு பருவங்கள் ஓர் ஆட்டமும் ஆடாமல் உட்கார்ந்திருந்தார். 2020-இல் 16 விக்கெட் எடுத்தார். ஆஸ்திரேலியாவுக்கு வலைப்பயிற்சியில் பந்து வீசப் போனவர், 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்ட் முடிவதற்குள் மூவகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்கு ஆடியிருந்தார். 2024 நவம்பர் ஏலத்தில் 10.75 கோடி, அதை அடுத்த பருவத்தில் களமிறங்கியது இரண்டே ஆட்டங்களில்.

வருண் சக்கரவர்த்தி கட்டடக்கலை படித்து, இடையில் ஆட்டத்தை விட்டு, மீண்டும் வந்தவர். 2018 டிசம்பர் ஏலத்தில் 20 இலட்சத்தில் தொடங்கி 8.4 கோடிக்குப் போனபோது வயது 27. அடுத்த பருவத்தில் ஆடியது ஓர் ஆட்டம். முதல் ஓவரில் 25 ஓட்டங்கள் கொடுத்தார். அத்தோடு அவர் கதை முடிந்தது என்று எழுதினார்கள். 2021 உலகக் கோப்பைக்குப் பிறகு மறுபடியும் முடித்தார்கள். 2025 சாம்பியன்ஸ் கோப்பையில் மூன்று ஆட்டங்களில் 9 விக்கெட் எடுத்தவர் அவர்தான். சாய் சுதர்சனோ 2022-இல் 20 இலட்சத்துக்கு ஐ.பி.எல்.லுக்குப் போனார், 2023 டி.என்.பி.எல். ஏலத்தில் கோவை அணி அவருக்குக் கொடுத்தது 21.6 இலட்சம். உலகமே பார்க்கும் சந்தையைவிட உள்ளூர்ச் சந்தை அவருக்கு அதிக விலை வைத்திருந்தது. 2025-இல் 759 ஓட்டங்களோடு ஐ.பி.எல்.லில் முதலிடம் பெற்றார்.

இந்த மூன்று கதைகளையும் சொல்லி, 'பார்த்தீர்களா, பட்டியல்கள் பொய்த்தன' என்று முடிப்பது எளிது. என் கருத்து வேறு. எண் போடும் இடத்தில்தான் பட்டியல்கள் தவறுகின்றன. இம்மூவரையும் 'கவனிக்கத்தக்கவர்' என்று சொன்னவர்கள் சரியாகவே சொன்னார்கள். இவர் மூன்றாமவர், அவர் ஒன்பதாமவர் என்று சொன்னபோதுதான் தமக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோல் சொன்னார்கள்.

வள்ளுவர் இதில் நம் பட்டியல்காரர்களைவிட நுட்பமானவர். ஒருவரை ஆராய்ந்து நம்புவதற்குத் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரம் வைத்தார். ஆராய்ந்தவரை எவ்வினைக்கு உரியவராக்குவது என்பதற்குத் 'தெரிந்து வினையாடல்' என்று அடுத்த அதிகாரம் வைத்தார். தகுதி ஒன்று, வினை ஒன்று. கடைசி ஓவரில் காலடியில் யார்க்கர் இறக்குபவனையும் தொடக்கத்தில் நின்று ஆடும் மட்டையாளனையும் ஒரே ஏணியின் படிகளில் நிறுத்துவதில் என்ன பொருள் இருக்கிறது? ஓர் அணிக்கு இன்றைக்கு வேண்டியது எது என்பதைப் பொறுத்து ஐந்தாமவன் முதல்வன் ஆவான்.

நிற்க. வரிசையைப் பற்றிய இந்தச் சண்டையைவிடப் பெரிய செய்தி ஒன்று இருக்கிறது. 2024 நவம்பரில் நடந்த பெரும் ஏலத்துக்குப் பதிவு செய்தவர்கள் 1,574 பேர். முதலில் வெளியான இறுதிப் பட்டியலில் இருந்தவர்கள் 574 பேர். விலைபோனவர்கள் 182 பேர். அந்த 182 பேரின் விலைகளைப் பற்றி ஒரு மாதம் பேசினோம். பெயர் கழிக்கப்பட்ட ஆயிரம் பேரைப் பற்றி எவரும் ஒரு பத்திகூட எழுதியதாக எனக்கு நினைவில்லை. பதிவு செய்யும் நிலையையே எட்டாதவர்கள் அதற்கும் கீழே இருக்கிறார்கள்.

உத்திரமேரூர்க் கல்வெட்டை நம் மாணவர்களுக்குச் சொல்லும்போது குடவோலையின் சிறப்பைப் பெருமையோடு சொல்கிறோம். முதற்பராந்தகன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பொறிக்கப்பட்டது. அதில் இரண்டு படிகள் உண்டு. முதலில் தகுதி பார்த்துப் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இடுவார்கள். பிறகு ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவனைக்கொண்டு எடுக்கச் செய்வார்கள். தகுதியுடையோர் என்று தெளிந்தபின் அவர்களுக்குள் ஏற்றத்தாழ்வு காண நமக்குக் கண் போதாது என்ற அடக்கம் அந்தச் சிறுவனின் கையில் இருக்கிறது. அமெரிக்க பேஸ்பாலிலும் 2023 முதல், எந்த அணி முதலில் எடுப்பது என்பதை ஓரளவு குலுக்கலுக்கு விட்டுவிட்டார்கள். ஆனால் அதே கல்வெட்டு இன்னொன்றையும் சொல்கிறது. காணி நிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் உடையவர்களின் பெயர்தான் குடத்துக்குள் போயிற்று. ஊரில் பெரும்பாலோர் குடத்துக்கு வெளியே நின்றார்கள். குலுக்கல் எவ்வளவு நேர்மையாக நடந்தாலும் அவர்களுக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை.

எங்கள் அரிமளம், திருமயம் பக்கத்தில் கோடையில் கண்மாய் வற்றியதும் ஆட்டம் தொடங்கிவிடும். டென்னிஸ் பந்து, கருவேல முள்ளை வெட்டி ஒதுக்கிய களம், சுற்றுவட்டார ஊர்களின் அணிகள், கோயில் திருவிழாவை ஒட்டிக் கோப்பையும் ரொக்கப் பரிசும். அங்கே வீசும் பையன்களுள் மெய்யாகவே வேகம் உடையவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எந்தக் குடத்திலும் இல்லை.

என் மாணவன் ஒருவன் வெளியூரில் நடந்த ஒரு தேர்வுக்கு, வருகைப்பதிவு போய்விடுமே என்ற கவலையோடு என்னிடம் சொல்லிவிட்டுப் போனான். திரும்பி வந்தவனை என்ன ஆயிற்று என்று கேட்டேன். "ஆறு பந்து போடச் சொன்னாங்கய்யா. நாலாவது பந்து ரொம்ப நல்லா விழுந்துச்சு. அவரு அப்பப் பார்த்து போன் பேசிக்கிட்டு இருந்தாரு" என்றான். நூற்றுக்கணக்கானவர் வந்து நிற்கும் இடத்தில் தேர்வாளரை மட்டும் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஆறு பந்துகளைக் கொண்டு ஒருவனை வரிசையில் வைக்கவும் முடியாது, வரிசையிலிருந்து நீக்கவும் முடியாது. செமஸ்டர் விடைத்தாளைக்கூட நாங்கள் மூன்று மணி நேரம் எழுதச் சொல்லித்தானே மதிப்பிடுகிறோம்? (அதிலும் மறுமதிப்பீட்டில் பதினைந்து மதிப்பெண் மாறுவதை நான் கண்டதுண்டு, அது தனிக்கதை.)

அணிகள் ஆளெடுத்தாக வேண்டும், ஏதேனும் ஒரு வரிசை இல்லாமல் எப்படி எடுப்பார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அணிகள் தம் தேவைக்கேற்பத் தமக்குள் என்ன வரிசையும் போட்டுக்கொள்ளட்டும்; பணம் அவர்களுடையது. என் வழக்கு வெளியில் இருந்து எழுதும் நம்மோடுதான். கபடி ஏலத்தில் ஏ, பி, சி, டி என்று வகை பிரிக்கிறார்கள், டி.என்.பி.எல். ஏலத்திலும் அப்படியே. வகையோடு நிறுத்திக்கொள்ளும் அந்த முறையில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. அதன் அளவுகோல் பெரும்பாலும் முன் ஆட்டங்களின் எண்ணிக்கையாக இருப்பது குறைதான். என்றாலும் ஏழையும் எட்டையும் பிரித்துக்காட்டுவதாக அது நடிப்பதில்லை. எழுதுவோரும் 'உடனே ஆடத்தக்கவர்', 'இரண்டாண்டு பொறுக்கத்தக்கவர்', 'இன்னும் பார்க்க வேண்டியவர்' என்று மூன்று வகையோடு நின்றால் என்ன?

பெயருக்கு எதிரே எண் இருக்கும் இடத்தில் வேறோர் எண்ணை இடலாம். இவரை நான் எத்தனை ஆட்டங்களில், எந்த ஊரில், நேரில் பார்த்தேன், எத்தனை ஆட்டங்களில் திரையில் பார்த்தேன் என்பதுதான் அது. பாதிப் பட்டியலில் நேரில் பார்த்தது சுழியம் என்று இருக்கும். இருக்கட்டும், படிப்பவன் அதற்கேற்ப எடைபோட்டுக்கொள்வான். எல்லாப் பெயர்களுக்கும் சென்னை, கோவை, சேலம், திருநெல்வேலி, திண்டுக்கல் என்று டி.என்.பி.எல். நடந்துள்ள அதே ஊர்கள் திரும்பத் திரும்ப வந்தால், வராத ஊர்கள் எவை என்பதும் தானாகவே தெரிந்துவிடும்.

சித்திரை, வைகாசியில் எங்கள் பக்கம் ஞாயிறுதோறும் ஏதாவது ஒரு கண்மாயில் ஆட்டம் நடக்கும். புதுக்கோட்டையிலிருந்து நகரப் பேருந்தே வருகிறது. காலை ஏழு மணிக்கெல்லாம் தொடங்கிவிடுவார்கள். குடையும் தண்ணீரும் கொண்டுவருவது நல்லது.