மீட்கக்கூடிய செவித்திறன்: அரசின் கடமை என்ன?

காது கேளாமை என்றாலே அது விதி, அல்லது முதுமையின் விளைவு என்று ஒதுக்கிவிடும் மனப்போக்கு நமது சமூகத்தில் ஆழமாக வேரூன்றியுள்ளது. ஆனால், அறுவை சிகிச்சையால் பெரும்பாலும் சரிசெய்யக்கூடிய காதுகேளாமையும் உண்டு. ‘ஓட்டோஸ்கிளிரோசிஸ்’ எனப்படும் நோயால் ஏற்படுவது அத்தகையது. அதற்கான சிகிச்சை கண்டறியப்பட்டு ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் ஆகின்றன. அது உழைக்கும் மக்களை இன்னும் முழுமையாகச் சென்றடையவில்லை என்பதுதான் பிரச்சனை.

நடுச்செவியில் சுத்தி, பட்டடை, அங்கவடி என்ற மூன்று சிற்றெலும்புகள் உள்ளன. செவிப்பறையின் அதிர்வை உட்செவிக்குக் கடத்துபவை இவையே. இந்நோயில் அங்கவடி எலும்பின் அடித்தட்டைச் சுற்றி இயல்புக்கு மாறான எலும்பு வளர்ந்து, அதை அசையவிடாமல் பூட்டிவிடுகிறது. பெரும்பாலும் 20 முதல் 40 வயதிற்குள், அதாவது உழைக்கும் பருவத்தில் தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களை ஏறத்தாழ இரு மடங்கு பாதிக்கிறது. பலருக்கு இது குடும்ப வழியாகவும் வருகிறது.

வெளியிலிருந்து பார்த்தால் செவிப்பறை நலமாகவே தோன்றும். நோயாளிக்குத் தன் குரல் தனக்கு உரக்கக் கேட்பதால் அவர் தாழ்ந்த குரலில் பேசுவார். எனவே குறை எளிதில் வெளியே தெரிவதில்லை. வேலைத்தலத்தில் ‘கவனமில்லாதவள்’ என்றும், வீட்டில் ‘சொன்னதைக் கேட்காதவள்’ என்றும் ஏச்சு வாங்கியே பல பெண்களின் ஆண்டுகள் கழிகின்றன.

ரோசன் காட்டிய வழி

1952இல் நியூயார்க்கில் டாக்டர் சாமுவேல் ரோசன், ஒரு நோயாளியின் அங்கவடி எலும்பு பூட்டிக்கொண்டுள்ளதா என்று சோதித்தபோது, அது எதிர்பாராமல் அசைந்தது. அறுவை மேசையிலேயே அந்த நோயாளிக்குக் காது கேட்டது. கறுப்பின மக்களின் உரிமைக்குரலாக ஒலித்த பாடகர் பால் ராப்சனின் நெருங்கிய நண்பர் ரோசன். தாம் கண்டறிந்த முறையைப் பல நாடுகளுக்கும் சென்று மருத்துவர்களுக்குக் கற்பித்தார். மருத்துவ அறிவு மக்களின் பொதுச்சொத்து என்பதற்கு அவரது பணி சான்றாகும்.

எனினும் அசைத்துவிடப்பட்ட எலும்பு பலருக்கு மீண்டும் பூட்டிக்கொண்டது. 1956இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் டாக்டர் ஜான் ஷியா, அந்த எலும்பை அகற்றிவிட்டு டெஃப்லானால் ஆன செயற்கை உறுப்பைப் பொருத்தினார். இன்று அடித்தட்டில் நுண்துளையிட்டு, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த விட்டமுள்ள பிஸ்டன் பொருத்தப்படுகிறது. தேர்ந்த மருத்துவர்கள் செய்யும்போது பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு நல்ல பலன் பெறுகின்றனர். அதே வேளையில், ஏறத்தாழ நூறில் ஒருவருக்கு அந்தக் காதின் கேட்கும் திறன் முற்றிலும் பறிபோகும் அபாயமும் உண்டு. எனவே பயிற்சி இன்றியமையாதது. அறுவை வேண்டாதவர்களுக்குக் காதுகேட்கும் கருவி மாற்று வழியாகும்.

சட்டம் எண்ணாத மக்கள்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, இரு காதுகளிலும் 60 டெசிபலும் அதற்கு மேலும் இழப்பு உள்ளவர்களையே செவித்திறன் குறைபாடு உடையோராக ஏற்கிறது. ஒலி கடத்தப்படாமையால் மட்டும் ஏற்படும் இழப்பு 60 டெசிபலைத் தாண்டுவது அரிது. ஆகவே இந்நோயாளிகளில் பலர் சட்டத்தின் வரம்புக்கு வெளியே நிற்கின்றனர். ஒன்றிய அரசின் இலவசக் கருவித் திட்டமும் 40 சதவீத ஊனச் சான்றிதழ் கேட்கிறது. 50 டெசிபல் இழந்த தொழிலாளிக்கு மேற்பார்வையாளரின் சொல் சரிவரக் கேட்காது, சான்றிதழும் கிடைக்காது.

செவித்திறன் இழப்பைத் தடுத்துக் கட்டுப்படுத்தும் தேசியத் திட்டம் 2007இல் 25 மாவட்டங்களில் தொடங்கப்பட்டது. 2018இல் வந்த ஆயுஷ்மான் பாரத் காப்பீடோ மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. வெளிநோயாளிச் செலவு அதில் அடங்காது. ஆனால் இந்நோய் கண்டறியப்படுவதே வெளிநோயாளிப் பிரிவில்தான். பரிசோதனையே நடக்காதபோது ஐந்து லட்சம் ரூபாய் காப்பீட்டு அட்டையால் என்ன பயன்? 2025க்குள் பொது சுகாதாரச் செலவை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதமாக்குவோம் என்ற 2017ஆம் ஆண்டு தேசிய சுகாதாரக் கொள்கையின் வாக்குறுதியும் காற்றில் விடப்பட்டுள்ளது.

தேவை பெரும் செலவன்று. மின்சாரம்கூட வேண்டாத ஓர் இசைக்கவை போதும். காதின் முன்னே பிடிப்பதைவிடப் பின்புற எலும்பில் வைக்கும்போது ஒலி உரக்கக் கேட்டால், ஒலி கடத்தலில் தடை உண்டு என்று ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரே அறியலாம். அதன்பின் மாவட்ட மருத்துவமனையில் செவித்திறன் சோதனையும், அரசு மருத்துவக் கல்லூரிகளில் கட்டணமின்றி அறுவையும் பிஸ்டனும் கிடைக்க வேண்டும். 60 டெசிபல் வரம்பு மறுபரிசீலனை செய்யப்பட வேண்டும்.

பெண்களைப் பெருமளவில் பாதிக்கும் இப்பிரச்சனையைத் தொழிற்சங்கங்களும் மாதர் இயக்கமும் தமது கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். தாழ்ந்த குரலில் பேசும் இம்மக்களுக்காக நாம் உரத்த குரலில் பேசுவோம்.