ஒளியாற் பிடித்த உயிர் பிழைத்ததா?

நானாட்டான் கமக்காரர் விதைநெல்லைக் கண்ணாற் கண்ட மாத்திரத்தில் நம்பிவிடார். நூறு மணிகளை நனைத்து, ஈரச் சாக்கில் முடிந்து வைத்து, முளைத்தவற்றை எண்ணிய பின்னரே கட்டுக்கரைக் குளத்து நீர் பாயும் வயலில் விதைப்பர். மணி பொன்போல் மின்னலாம்; உள்ளே முளை செத்திருக்கலாம். இவ்வெளிய எச்சரிக்கை ஆய்வுகூடங்களிலும் வேண்டும் என்பதே எம் கருத்து.

நுணுக்குக்காட்டியின் வில்லை வழியே இலேசர் ஒளியைக் குவித்தால், ஓர் உயிர்க்கலத்தைத் தொடாமலே பற்றி நிறுத்தலாம்; வேண்டிய இடத்திற்கு நகர்த்தலாம். ஒளியிடுக்கி எனப்படும் இக்கருவிக்காக ஆதர் அஷ்கின் 2018இல், தமது 96ஆம் வயதில், நோபல் பரிசு பெற்றார். பரிசைப் புகழ்வோர் பலர். 1987இல் அவர் எதிர்கொண்ட இடரை நினைப்போர் சிலரே. பச்சை ஒளியாற் பிடித்த பற்றீரியாக்கள் அவர் கண்முன்னே மடிந்தன. 1064 நனோமீற்றர் அலைநீளமுடைய செங்கீழ் ஒளிக்கு மாறியபோதோ, பிடியில் இருந்தவாறே மதுவக்கலம் அரும்பியது, பற்றீரியாவும் பெருகியது. பிழைத்தது என்பதற்கு இதனினும் நேரிய சான்று ஏது?

செங்கீழ் ஒளி யாவும் தீங்கற்றதன்று. 1999இல் அமெரிக்க ஆய்வாளர் பற்றீரியாவைச் சோதித்தபோது 870, 930 நனோமீற்றர் ஒளிகள் மிகுதியாகவும், 830, 970 குறைவாகவும் ஊறு செய்தன. ஒட்சிசனை அகற்றியதும் ஊறு வெகுவாகத் தணிந்தது. வெப்பம் ஒன்றே பகை என்று எண்ணுவோர் இதனைக் கவனிப்பாராக.

சாயம் ஏறவில்லை, ஆகவே கலம் உயிருடன் உளது என்னும் முடிபை நாம் ஏற்கோம். கலத்தின் மென்சவ்வு கிழிந்ததா என்பதையே சாயம் சொல்லும், உள்ளே டீ.என்.ஏ. இழை அறுந்ததைச் சொல்லாது. இந்தியாவின் இந்தூர் ஆய்வாளர் செருமானியருடன் சேர்ந்து 2002இல் வெளியிட்ட ஆய்வு, 308 முதல் 1064 நனோமீற்றர் வரையான ஒளிகளால் நேரும் இச்சேதத்தையே அளந்தது. ஒளிபட்ட கலத்தின் டீ.என்.ஏ.யை மின்புலத்தில் ஓடவிட்டால், அறுந்த துண்டுகள் வால்வெள்ளியின் வால்போல் நீளும். நல்ல சோதனைதான், ஆனால் கலத்தைச் சிதைத்தே அதனைச் செய்யவேண்டும். அந்தக் கலம் வாழ்ந்திருக்குமா என்பதை அதனிடமே பின்னர்க் கேட்க இயலாது.

ஆதலால் ஒளிபடாத கலங்களையும் அதே தகட்டில், அதே நேரம் வைத்திருந்து, இரு சாராரிலும் எத்தனை பிரிந்து பெருகின என எண்ணுதல் இன்றியமையாதது. பிரியாத செங்குருதிக் கலத்திற்கு வேறு அளவுகோல் வேண்டும். மனித விந்துக்கலத்தையே 1989இல் இவ்வாறு பிடித்துப் பார்த்துள்ளனர். அதன் வாலசைவை மட்டும் கண்டு நலமென எழுதிவிடலாமா? நம் பழைய மாணவருள் மருத்துவராய் உள்ளோர் இத்தகைய கட்டுரைகளைப் படிக்கையில், ஒளிபடாத கலங்களின் கணக்கு எங்கே என முதலிற் தேடுவாராக.