தூள் அளவு தவறினால் உரச்செலவு கூடும்

கேள்வி: ஒரே மண் மாதிரியைப் பரிசோதனைப் பெட்டியில் இருமுறை பார்த்தால், மணிச்சத்து ஒருமுறை குறைவு, மறுமுறை நடுத்தரம் என்று வருகிறது. ஏன்?
– ஒரு வாசகர், மணப்பாறை

பதில்: தூள் அளவு மாறியிருக்கலாம். மணிச்சத்து இருந்தால் கரைசலை நீலமாக்குவது அந்தத் தூள்தான். அது குறைந்தாலோ, ஈரம்பட்டுக் கெட்டாலோ நிறம் வெளிறும். தேவையில்லாமல் டிஏபி வாங்க நேரிடும்.

சிறு கரண்டி எடையை அளப்பதில்லை, கொள்ளளவைத்தான் அளக்கிறது. அழுத்தி அள்ளினால் தூள் கூடும். கட்டிகளாக அள்ளினால் இடைவெளி விழுந்து குறையும். ஒவ்வொரு கரண்டியும் அதற்குரிய தூளின் அடர்த்திக்கேற்பச் செய்யப்பட்டது. மாற்றிப் பயன்படுத்தக் கூடாது.

உலர்ந்த கரண்டியால் அழுத்தாமல் அள்ளி, தட்டையான குச்சியால் வழித்து மட்டப்படுத்தவும். புட்டியை உடனே மூடவும். ஒரு சோதனைக்குரிய தூளைத் தனித்தனி உறையில் அடைத்த பெட்டியானால் இந்தத் தவறு குறையும். அப்போதும் முடிவு மாறினால், மண் பரிசோதனை நிலையத்தில் பார்த்த பிறகே உரம் வாங்கவும்.