சுற்றுலாவில் சந்தைக்கும் ஓர் இடம்

ஆண்டுதோறும் நம் பள்ளியில் சுற்றுலாப் பட்டியல் ஒட்டப்படுகிறது. கோயில், அரண்மனை, அணைக்கட்டு, மிருகக்காட்சிசாலை, மாதா கோவில் ஆகியவை அதில் தவறாமல் இருக்கும். அந்த ஊர் மக்கள் காய்கறி வாங்கும் இடம் மட்டும் ஒருபோதும் இருப்பதில்லை. "சந்தையில் பார்க்க என்ன இருக்கிறது?" என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். நிறைய இருக்கிறது என்பதே என் தாழ்மையான கருத்து. மைசூர் தேவராஜ மார்க்கெட்டை அதற்குச் சாட்சியாக அழைக்கிறேன்.

கடந்த ஜனவரியில் எங்கள் வகுப்பு மைசூர் சென்றது. 1897இல் பழைய அரண்மனை தீக்கிரையான பிறகு இப்போதைய அரண்மனை எழுந்தது என்றும், 1912இல் வேலை முடிந்தது என்றும் வழிகாட்டி சொல்ல, அனைவரும் நோட்டில் குறித்துக் கொண்டோம். 1933இல் அடிக்கல் நாட்டப்பட்ட புனித பிலோமினா ஆலயத்தில் செபித்தோம். பிறகு மிகவும் கெஞ்சியதன் பேரில், அரை மணி நேரம் மார்க்கெட்டுக்குள் போக சிஸ்டர் அனுமதி தந்தார்கள். பாலர் வகுப்புப் பிள்ளைகளைப் போல இருவர் இருவராகக் கைகோத்துக் கொண்டு போக வேண்டும் என்பது நிபந்தனை! தசரா யானைகள் ஊர்வலமாகச் செல்லும் சயாஜி ராவ் சாலை ஓரத்தில், 'சிக்க கடியார' என்னும் சின்ன மணிக்கூண்டின் அருகே, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த சந்தை அது.

பூக்கடை வரிசையில் "ஹூவு, ஹூவு" என்று கூவினார்கள். மல்லிகையை 'மொள' கணக்கில் அளந்தார்கள். நம் 'பூ' அங்கே 'ஹூவு'. நம் 'முழம்' அங்கே 'மொள'. பால் ஹாலு, பல் ஹல்லு. தமிழின் பகரம் கன்னடத்தில் ஹகரமாக மாறும் என்பதைப் பாடப் புத்தகத்தில் படித்திருந்தால் தேர்வு முடிந்ததும் மறந்திருப்பேன். பூக்காரம்மா கற்றுத் தந்ததை எப்படி மறப்பேன்?

வாழைப்பழத்துக்கென்றே தனி வரிசை உண்டு. சிறிய ஏலக்கிப் பழம் மலைபோல் குவிந்திருந்தது. நஞ்சன்கூடு ரசபாளை என்னும் புகழ் பெற்ற பழமோ ஒரே ஒரு கடையில், அதுவும் சில சீப்புகள்தாம். மைசூரிலிருந்து சுமார் 25 கி.மீ. தொலைவிலுள்ள நஞ்சன்கூட்டில் விளைவது. புவிசார் குறியீடு பெற்றது. வாடல் நோய் தாக்கியதால் பயிரிடும் பரப்பு மிகவும் சுருங்கிவிட்டது. மைசூர் மல்லிகைக்கும் மைசூர் வெற்றிலைக்கும் அதே குறியீடு இருக்கிறது. இவை பற்றி அரண்மனை வழிகாட்டி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவரைக் குற்றம் சொல்வானேன்? நாங்களும் கேட்கவில்லையே!

அது அவரைக்காய்க் காலம். ஊறிய மொச்சையைப் பிதுக்கித் தோல் நீக்கிப் படி கணக்கில் விற்றுக் கொண்டிருந்தார் ஒரு பாட்டி. எங்கள் வீட்டில் அம்மா இதைப் 'பிதுக்கு பருப்பு' என்பார்கள். ஒரு கிண்ணம் பிதுக்குவதற்குள் எனக்கு நகம் வலிக்கும். அந்தப் பாட்டியின் முன் இரண்டு கூடைகள் நிறைந்திருந்தன.

"கூட்டம், சேறு, திருட்டு பயம், பெண் பிள்ளைகளை அங்கேயா அழைத்துப் போவது?" என்று பெற்றோர் தயங்குவது நியாயமே. தரை வழுக்கத்தான் செய்தது. ஆயினும் அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனையோ பேர் பெண்கள் அல்லவா? நம் பள்ளியிலும் சந்தையில் கூடை வைத்து விற்கும் தாய்மாரின் பிள்ளைகள் படிக்கிறார்கள். "அம்மா என்ன வேலை?" என்று கேட்டால், "வியாபாரம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டுப் பேச்சை மாற்றுகிறார்கள். மூக்கைப் பொத்திக் கொண்டு சந்தையைக் கடந்து போகும் நம்மைப் பார்த்தால் வேறு எப்படிச் சொல்வார்கள்? அரசர்களின் நாற்காலியைப் பார்க்கக் கட்டணம் கொடுத்து வரிசையில் நிற்கிறோம். விடியுமுன் எழுந்து கீரைக்கட்டு சுமந்து வந்தவரிடம் ஒரு ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம். எனக்கு இது சரியாகப் படவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அரண்மனை எங்கும் போய்விடாது, சந்தை அப்படியல்ல. 2016 ஆகஸ்டில் தேவராஜ மார்க்கெட்டின் வடக்கு வாயில் பகுதி இடிந்து விழுந்தது. அதற்கு முன்பே, 2012 ஆகஸ்டில், அருகிலுள்ள லான்ஸ்டவுன் கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்து நால்வர் மாண்டனர். இடித்துக் கட்டுவதா, பழுது பார்ப்பதா என்னும் வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. உயிர் பெரிது, ஆபத்தான சுவரை அப்படியே விட்டு வைக்கச் சொல்ல நான் யார்? ஆனால் எந்த முடிவானாலும், அந்தக் கடைக்காரர்கள் நாளைக்கு எங்கே உட்காருவார்கள் என்பதை முதலில் சொல்ல வேண்டும். புதுக் கட்டடத்தின் வாடகையைப் பிதுக்கு பருப்புப் பாட்டி கொடுக்க முடியுமா?

ஆகவே, அடுத்த ஆண்டுப் பட்டியல் தயாரிக்கும் மதர் அவர்களுக்கும் ஆசிரியைகளுக்கும் என் வேண்டுகோள்: எந்த ஊருக்குப் போனாலும் அவ்வூர்ச் சந்தைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒவ்வொருவரும் கையில் இருபது ரூபாயாவது கொண்டு போய், படம் பிடிப்பதோடு நில்லாமல் ஏதேனும் வாங்கட்டும். இதனால் மற்ற இடங்களுக்கு நேரம் குறையுமே என்ற கவலை வேண்டாம். சந்தை காலையிலேயே களைகட்டிவிடும். மைசூர் அரண்மனை பத்து மணிக்குத்தான் திறக்கிறது.