ராடு ஒரே உயரம், உடம்பு பல விதம்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையிலான கடலோரத்தில் எடை இரண்டு வேளை தூக்கப்படுகிறது. பகலில் கூலிக்கு, மாலையில் உடம்புக்கு. காசிமேட்டில் மீன் பெட்டியும் ஐஸ் பாரும், கொருக்குப்பேட்டை சரக்கு யார்டில் மூட்டையும், திருவொற்றியூர்ப் பட்டறைகளில் இரும்பும் முதுகேறி இறங்குகின்றன. ஷிஃப்ட் முடிந்ததும் அதே ஆட்களில் பலரோ அவர்கள் வீட்டுப் பிள்ளைகளோ தெருமுனை ஜிம்மில் ராடைப் பிடிக்கிறார்கள். இரண்டு இடத்திலும் காதில் விழும் பாடம் ஒன்றேதான்: “முட்டிய மடக்கு, முதுக நேரா வை, தூக்கு.” ஆறடி உயரக்காரருக்கும் ஐந்தடிக்காரருக்கும் இதில் ஓர் எழுத்துகூட மாறுவதில்லை. இந்தப் பாடம் போதாது. சிலருடைய முதுகுக்கு இது கெடுதலும் செய்கிறது.

தரையில் கிடக்கும் எடையை நின்ற நிலைக்குத் தூக்கும் டெட்லிஃப்டை எடுத்துக்கொள்வோம். பந்தயத்தில் பயன்படும் பெரிய பிளேட்டின் விட்டம் 45 சென்டிமீட்டர். அதனால் ராடு தரையிலிருந்து 22.5 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்கும். யாருடைய காலையும் கையையும் அளந்து இந்த உயரத்தை வைக்கவில்லை. பிளேட்டின் அளவால் தானாக வந்தது. தொடை நீளமாகவும் கை குட்டையாகவும் அமைந்த ஒருவர் அந்த ராடைப் பிடிக்க வேண்டுமானால் இடுப்பை நன்றாகப் பின்னுக்குத் தள்ளி, முதுகைத் தரைக்கு ஏறக்குறைய இணையாகச் சாய்க்கத்தான் வேண்டும். கை நீளமானவரோ நெஞ்சை நிமிர்த்தியபடியே பிடித்துவிடுவார். இருவருமே சரியாகத்தான் தூக்குகிறார்கள். ஆனால் ஜிம் மாஸ்டரின் கண்ணுக்கு இரண்டாமவர் ‘ஃபார்ம்’ நன்றாக இருப்பதாகவும், முதலாமவர் தப்பாகத் தூக்குவதாகவும் தெரிகிறது. “இடுப்ப இறக்கு” என்று அதட்டுகிறார். இடுப்பு இறங்கினால் முட்டி முன்னே வரும், முட்டி ராடைத் தள்ளும், ராடு காலை விட்டு விலகும். எடை உடம்பை விட்டு எவ்வளவு விலகுகிறதோ அவ்வளவு பாரம் கீழ்முதுகில் கூடும். முதுகைக் காப்பாற்றச் சொன்ன சொல்லே முதுகைப் பதம் பார்த்துவிடுகிறது.

1985-இல் அமெரிக்காவின் லாமர் கான்ட் சுமார் 60 கிலோ உடல் எடையோடு 300 கிலோ அளவுக்கு டெட்லிஃப்ட் செய்தார். தன் எடையைப் போல் ஐந்து மடங்கைத் தூக்கிய முதல் மனிதர் அவர். அவருக்கு ஸ்கோலியோசிஸ் இருந்தது, அதாவது முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளைந்திருந்தது. அதனால் உடற்பகுதி குறுகி, ஏற்கெனவே நீளமான கைகள் முழங்காலுக்கு அருகே தொங்கின. ராடைத் தொட அவர் மற்றவர்கள் அளவுக்குக் குனிய வேண்டியிருக்கவில்லை. இதைப் பார்த்து முதுகு வளைந்தவர்கள் எல்லாரும் எடை தூக்கப் போகலாம் என்று சொல்லவரவில்லை. டெட்லிஃப்டில் எலும்பின் நீளம் எவ்வளவு பெரிய பங்கு வகிக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. அவருடைய படத்தைச் சுவரில் ஒட்டி, அந்தத் தோரணையையே எல்லாரிடமும் எதிர்பார்ப்பது அநியாயம்.

கால்களை அகல விரித்து, கைகளை அவற்றுக்கு நடுவே விட்டுத் தூக்கும் சுமோ முறை பலருக்கு மாற்றுவழி. உடற்பகுதி நிமிர்ந்து நிற்கும், ராடு பயணிக்கும் தூரமும் குறையும். 2000-ஆம் ஆண்டு ரஃபேல் எஸ்காமில்லா குழுவினர் பந்தய வீரர்களை அளந்து பார்த்தபோது, வழக்கமான முறையில் ராடு மேலேறும் தூரமும் செய்யும் வேலையும் சுமோவைவிட 25 முதல் 40 சதவீதம் வரை அதிகமாக இருந்தன. அதற்கு முன்பே 1991-இல் சோலெவிக்கி, மெக்கில் ஆகியோரின் ஆய்வு, கீழ்முதுகில் விழும் திருகுவிசை சுமோவில் சுமார் 10 சதவீதம் குறைவு என்று காட்டியிருந்தது. ஆனால் சுமோவும் எல்லாருக்கும் ஏற்றதில்லை. இடுப்பு எலும்பின் குழி சிலருக்கு ஆழம், சிலருக்கு முன்னோக்கிய சாய்வு. அப்படிப்பட்டவர்கள் காலை விரித்தால் எலும்போடு எலும்பு முட்டும், தொடை இடுக்கு வலிக்கும். வலிப்பவரிடம் “பயந்தாங்கொள்ளி” என்று சொல்லும் மாஸ்டர், உடம்பு கொடுக்கும் தகவலைக் காதில் வாங்க மறுக்கிறார்.

வடசென்னை ஜிம்களுக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. பந்தய அளவுப் பெரிய பிளேட்டுகள் விலை அதிகம். சின்ன ஜிம்களில் இருப்பவை வார்ப்பிரும்பு பிளேட்டுகள்தாம், எடை குறையக் குறைய விட்டமும் குறையும். புதிதாகச் சேர்ந்த பையன் பக்கத்துக்கு ஒரு 5 கிலோ பிளேட்டை மாட்டினால் ராடு கணுக்காலுக்குச் சற்று மேலே கிடக்கும். அனுபவசாலி ஒருவர் 22.5 சென்டிமீட்டரிலிருந்து தூக்குகிறார், இவனோ முதல் வாரத்திலேயே அதைவிட ஆழத்திலிருந்து தூக்குகிறான். அனுபவம் இல்லாதவருக்குக் கடினமான உயரம், அனுபவம் உள்ளவருக்கு எளிதான உயரம்! இதைச் சரிசெய்யப் பெரிய செலவு கிடையாது. பிளேட்டுக்கு அடியில் கனமான மரக்கட்டையோ, லாரிகள் வரிசைகட்டும் இந்தப் பகுதியில் எளிதாகக் கிடைக்கும் பழைய டயரோ போதும். முதுகு வளையாமல் பிடிக்க முடிகிற உயரத்துக்கு ராடை ஏற்றி, வாரங்கள் போகப்போக இறக்கலாம். சிலர் கடைசிவரை இறக்க வேண்டிய அவசியமே இல்லை. பந்தயத்துக்குப் போகாதவருக்கு 22.5 என்பது வேதவாக்கா என்ன?

முதுகுக் கோளாறு கொண்டிருந்த அமெரிக்க பவர்லிஃப்டர் அல் ஜெரார்ட் 1980-களில் ராடையே மாற்றிவிட்டார். ஆள் நடுவில் நின்று, இரு பக்கமும் இருக்கும் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கும் சட்டம் அது. டிராப் பார் என்கிறார்கள். எடை உடம்புக்கு முன்னால் தொங்காமல் இரு பக்கமும் அமைவதால் கீழ்முதுகின் பாரம் குறைகிறது என்பதை 2011-இல் வெளியான ஸ்விண்டன் குழுவின் ஆய்வும் உறுதிசெய்தது. பகலெல்லாம் மூட்டை தூக்கிவிட்டு மாலையில் ஜிம்முக்கு வரும் நாற்பது வயதுக்காரருக்கு இதைவிட நல்ல கருவி கிடையாது.

ஜிம்மில் தப்பான பாடத்தை விட்டு விலகிவிடலாம். வேலையிடத்தில் அது முடியாது. தொழிற்சாலைச் சுவர்களில் முட்டியை மடக்கி உட்கார்ந்து பெட்டி தூக்கும் மனிதனின் படம் தொங்குகிறது. நெதர்லாந்தின் வான் டியன் குழுவினர் 1999-இல் இதுகுறித்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தனர். குனிந்து தூக்குவதைவிட உட்கார்ந்து தூக்குவதுதான் முதுகைக் காக்கும் என்று பொதுவாகச் சொல்வதற்கு ஆதாரம் போதாது என்பது அவர்கள் முடிவு. காரணம் எளிது. பெட்டி முட்டிகளுக்கு நடுவே அடங்காவிட்டால், உட்காரும்போது அது உடம்பை விட்டுத் தள்ளிப்போகிறது. சரியாகத் தூக்கக் கற்றுக்கொடுப்பதால் மட்டும் தொழிலாளர்களின் முதுகுவலி குறைவதாகத் தெரியவில்லை என்று 2011-இல் கோக்ரேன் ஆய்வுத் தொகுப்பும் சொன்னது. வகுப்பு நடத்திக் கையெழுத்து வாங்கிக்கொண்டால் கடமை முடிந்தது என்று நினைக்கும் நிர்வாகங்கள் இதைப் படிக்க வேண்டும்.

ஆளுக்கும் சுமைக்கும் ஏற்பத் தூக்க வேண்டும் என்பதை லோடுமேன்கள் ஆய்வு இல்லாமலே அறிந்தவர்கள். லாரியில் நிற்கும் ஆள் மூட்டையை விளிம்புக்கு இழுத்துத் தர, கீழே நிற்பவர் அதைத் தோள் உயரத்திலேயே முதுகில் வாங்கிக்கொள்வார். தரையில் கிடக்கும் மூட்டையை இரண்டு பேர் சேர்ந்து ஏற்றிவிடுவார்கள். கையிலிருக்கும் கொக்கி கையின் நீளத்தைக் கூட்டுகிறது, குனிவைக் குறைக்கிறது. குட்டையானவர் ஒரு விதமாகவும் நெட்டையானவர் வேறு விதமாகவும் வாங்குவதை எந்தக் கிடங்கிலும் பார்க்கலாம். 1959 முதல் மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலையில் தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த நான்கு பேரும் ஒரே பாறையை நான்கு விதமாக நின்றுதான் நகர்த்துகிறார்கள். உழைக்கும் உடம்பைக் கூர்ந்து பார்த்த கலைஞர் அவர்.

ஆனால் எந்த உத்திக்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையை மூட்டையின் எடைதான் வகுக்கிறது. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரத் தேசிய நிறுவனம் 1991-இல் திருத்திய கணக்கின்படி, எல்லாம் சாதகமாக அமைந்தால் ஒருவர் தூக்கத்தக்க எடை 23 கிலோ. அதுவும் எடை 75 சென்டிமீட்டர் உயரத்தில், உடம்பிலிருந்து 25 சென்டிமீட்டருக்குள் இருந்தால். அதே எடை தரையில் கிடந்தால் அளவு 18 கிலோவுக்கும் கீழே போய்விடும். தரையிலும் கிடந்து, 50 சென்டிமீட்டர் தள்ளியும் இருந்தால் ஏறக்குறைய 9 கிலோதான். நம் ஊர் சிமென்ட் மூட்டை 50 கிலோ. தானியச் சாக்கு முன்பு 100 கிலோ அளவில் இருந்தது, இப்போது அதுவும் 50 கிலோ.

சட்டம் இல்லாமல் இல்லை. காயம் ஏற்படுத்தக்கூடிய அளவுக்குக் கனமான எதையும் யாரையும் தூக்கவைக்கக் கூடாது என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 34-ஆம் பிரிவில் சொன்னது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 127-ஆவது உடன்படிக்கையும் 1967-இல் அதையே சொன்னது. இந்தியா அதை ஏற்றுக் கையொப்பமிட்டது 2010-இல்தான். உடன்படிக்கையோடு வந்த பரிந்துரை, வளர்ந்த ஆணுக்கு 55 கிலோவை உச்சவரம்பாகக் காட்டியது. அந்த எண்ணுக்குள் ஒரு கற்பனை மனிதன் ஒளிந்திருக்கிறான்: நடுத்தர வயது, நடுத்தர உயரம், நோய்நொடி இல்லை. நிஜத்தில் மூட்டைக்குக் கீழே நிற்பவர் 50 கிலோ உடம்புக்காரராகவோ ஐம்பத்தைந்து வயதுக்காரராகவோ இருக்கிறார்.

“பழகின உடம்பு, தாங்கும்” என்பார்கள். பழக்கம் தசையை வளர்க்கும், தொடையெலும்பைக் குட்டையாக்காது. ஆளுக்கேற்ற முறையைச் சொல்லித்தர நேரமில்லை என்பது மாஸ்டர்களின் பதில். பக்கவாட்டில் நின்று செல்போனில் ஒரு முறை படம் பிடித்தாலே யாருக்கு ராடு காலை விட்டு விலகுகிறது, யாருக்கு முதுகு கூனுகிறது என்பது தெரிந்துவிடும். அதற்கு ஐந்து நிமிடம் ஆகாது. எடையை உடம்போடு ஒட்டி வைப்பது, மூச்சை அடக்கி வயிற்றை இறுக்குவது, வெடுக்கென்று இழுக்காமல் இருப்பது ஆகியவை மட்டும் எல்லாருக்கும் பொது. இடுப்பு எவ்வளவு இறங்க வேண்டும், கால் எவ்வளவு விரிய வேண்டும் என்பதை அவரவர் எலும்பு சொல்லட்டும்.

துறைமுகத்தில் பெருஞ்சுமை பெரும்பாலும் மனித முதுகை விட்டு இறங்கிவிட்டது. 1983-இல் சென்னையில் கண்டெய்னர் முனையம் வந்தது. எண்ணூரில் 2001 முதல் நிலக்கரி இயந்திரத்தில் இறங்குகிறது. மனித முதுகை இன்னும் நம்பியிருப்பவை கிடங்குகளும் சிறு பட்டறைகளும் மீன் சந்தையும்தாம். அங்கே 75 சென்டிமீட்டர் உயர மேடை ஒன்றை அமைப்பது ஒரு கொத்தனாரின் ஒரு நாள் வேலை. பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் சிமென்ட் 25 கிலோ பையில் விற்கிறது. தமிழ்நாடு அரசு தன் கிடங்குகளில் ஏறி இறங்கும் மூட்டையிலிருந்தே அந்த அளவைத் தொடங்க வேண்டும்.