நாவுக்கு முதற்பாடம்

ஈப்போ வட்டாரத்து இடைநிலைப்பள்ளிகளின் பேண்டு வாத்தியக் குழுக்களில் கிளாரினெட் பயிலும் நம் பிள்ளைகளின் வாசிப்பைக் கேட்கும்போதெல்லாம், விரல்கள் பெற்றுவிட்ட வேகத்துக்கு நாக்கு ஈடுகொடுக்க மாட்டாமல், ஸ்வரங்கள் ஒன்றோடொன்று குழைந்தோ, ஒவ்வொன்றும் தனித்தனி மூச்சால் தள்ளப்பட்டோ வெளிவருவது என் மனத்தை வருத்துகிறது. ஸ்டக்காட்டோ என்று ஐரோப்பியர் வழங்கும் பிரயோகத்தை மூச்சை நிறுத்தி நிறுத்திச் சாதிக்க முயல்வதே அவர்கள் இடறும் இடம். வயிற்றின் பலத்தால் எழும் சுவாசம் இடையறாது குழலுக்குள் சென்றுகொண்டிருக்க, நாக்கின் நுனி மட்டும் ரீடின் முனையருகே மெல்லத் தொட்டு அதன் அதிர்வை அடக்கி, மறுகணமே விலகி விடுவிக்க வேண்டும். நாக்கு விலகும் அக்கணத்தில்தான் ஸ்வரம் பிறக்கிறது.

இவ்வித்தை நமக்கு அந்நியமன்று. நாவால் ஸ்வரங்களைப் பிரித்து வாசிப்பதை நாகஸ்வர வித்வான்கள் துத்துக்காரம் என்று தொன்றுதொட்டு அப்பியாசம் செய்து வந்திருக்கிறார்கள். சதிராட்டத்தின் பக்கவாத்தியக் குழுவான சின்னமேளத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இடம்பெற்ற கிளாரினெட்டைத் தனிக்கச்சேரி வாத்தியமாக உயர்த்தி, நாகஸ்வர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளையால் ‘கிளாரினெட் எவரெஸ்ட்’ என்று போற்றப்பெற்று, 2008-இல் சங்கீத கலாநிதி விருதும் பெற்ற ஏ.கே.சி. நடராஜன் நாகஸ்வரமும் பயின்றவரே.

நம்மவர் வாழ்ந்த ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கு வழிவிட, குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டன; ஆயினும் மேளம் நம்மை விட்டு நீங்கவில்லை. கோயிலில் நாகஸ்வரம் ஒலிக்கக் கேட்டு வளரும் பிள்ளை, பள்ளியில் அதே நாவின் தொழிலை முன்பின் அறியாத ஒன்றாகக் கருதித் தடுமாறுவானேன்?

ஆகையால் ரீடைச் சற்று ஒதுக்கி வைத்து, கையில் ஆதிதாளம் போட்டபடி, ஒரே மூச்சில் “து து து து” என்று வாயால் சொல்லும் பாடத்தைப் பள்ளி ஆசிரியர்கள் முதலில் வைக்க வேண்டும். இச்சொற்கட்டு நாவில் படிந்த பின் ரீட் பொருத்திய வாய்ப்பகுதியை மட்டும் ஊதச் செய்து, பிறகே முழு வாத்தியத்தைக் கொடுக்கலாம். கோயில் நாகஸ்வரக் கலைஞர்களைத் தக்க சன்மானத்துடன் பள்ளிக்கு அழைப்பது பெரும் பயன் தரும். நாகஸ்வரத்தின் சீவாளி இரட்டை ரீட் கொண்டது, கிளாரினெட்டின் ரீடோ ஒற்றையாய்க் கீழ்ப்புறம் மட்டும் இருப்பது; ஆதலால் வித்வானின் முறையை அப்படியே பெயர்க்காமல், நாக்கின் தொடுதலை ஆசிரியர் தகுந்தவாறு திருத்திக்கொள்ள வேண்டியிருக்கும். முதற்காலத்தில் பதினாறு ஸ்வரங்கள் ஒரே மூச்சில் ஒத்த அளவாய் வராத மாணவனுக்கு, போட்டி நெருங்கும் நாளாயினும், இரட்டை வேகமான இரண்டாங்காலத்தைக் கொடுக்கலாகாது.