வளைகோட்டிடம் கேள்வி கேட்போம்



பத்தாம், பதினோராம் தரத்தில் பிள்ளை படிக்கும் வீடுகளில் கணிதம் என்றாலே ஒரு பயம். அதிலும் சமன்பாட்டுக்கு வரைபு கீறும் பாடம் வந்துவிட்டால், "உம்மாவுக்கு இது விளங்காது மகள், மாஸ்டரிடம் கேளுங்க" என்று ஒதுங்கிக்கொள்கிறோம். க.பொ.த. சாதாரண தரத்தில் கணிதம் தவறினால் மேலே படிக்கும் வழி குறுகிவிடும். சில வீடுகளில் பெண் பிள்ளையின் படிப்பே அத்தோடு நின்றுவிடுகிறது. ஆகவே நாம் ஒதுங்கி நிற்கலாகாது.

இன்று நம் கைபேசியிலேயே வரைபு கீறும் மென்பொருட்கள் உண்டு. அவற்றில் ஒன்று ஜியோஜெப்ரா. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோஹன்வார்ட்டர் 2001இல் தொடங்கிய முயற்சி அது. மாணவர்களுக்கு இலவசம். சமன்பாட்டைத் தட்டியதும் வளைகோடு திரைக்கு வந்துவிடும். காரணிப்படுத்தவும் அதற்குத் தெரியும்.

ஆனால் விடையைப் பார்த்து எழுதுவதற்கு மட்டும் அதைப் பாவித்தால் பிள்ளைக்கு ஒன்றும் மிஞ்சாது. பரீட்சை மண்டபத்தில் கைபேசி இராது. வரைபுத்தாளும் பென்சிலும்தான் துணை. பின் அதை எப்படிப் பாவிப்பது?

சிலாபத்தில் நம் வளவொன்றில் கோழிகளுக்கு வேலி அடைக்க 40 மீற்றர் கம்பி வலை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். செவ்வகமாக அடைக்க வேண்டும். அகலம் 5 மீற்றர் என்றால் நீளம் 15. பரப்பளவு 75 சதுர மீற்றர். அகலம் 10 என்றால் நீளமும் 10, பரப்பளவு 100. அகலம் 15 என்றால் மறுபடியும் 75. இவற்றோடு இன்னும் சில புள்ளிகளைப் பிள்ளை கையாலேயே குறித்து இணைக்கட்டும். கவிழ்த்து வைத்த சட்டி போல ஒரு வளைகோடு வரும். அதன் உச்சி 100. பாடப்புத்தகம் சொல்லும் உயர்வுப் பெறுமானம் அதுதான்.

இப்போது நாம் கேட்க வேண்டும்: "ஒரு பக்கத்துக்கு வீட்டுச் சுவரையே வைத்தால் என்ன நடக்கும்?" முதலில் பிள்ளை ஊகித்துச் சொல்லட்டும். பிறகு இரண்டு வளைகோடுகளையும் கைபேசியில் கீறிப் பாருங்கள். அகலம் அதே 10 மீற்றர், நீளம் 20, பரப்பளவு 200. அதே வலைக்கு இரட்டிப்பு இடம்! வலையின் நீளத்தை விரலால் கூட்டிக் குறைக்கும் வசதியும் மென்பொருளில் உண்டு. விரல் நகர நகர வளைகோடு உயர்ந்து தாழ்வதைப் பார்க்கலாம். கையால் கீறுவதானால் இதற்கே ஒரு மாலைப்பொழுது போய்விடும்.

இந்தக் கலை நமக்கு அந்நியமானதன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல் குவாரிஸ்மியின் நூற்பெயரில் உள்ள 'அல் ஜப்ர்' என்ற சொல்லே அல்ஜீப்ரா ஆயிற்று. ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அந்த எண்ணின் பத்து மடங்கைக் கூட்டினால் 39, எண் எது? இப்படிக் கணக்கைச் சொற்களாலேயே எழுதி, சதுரம் வரைந்து, விடை 3 என்று காட்டினார் அவர். இதையே மென்பொருளில் கீறினால் வளைகோடு அச்சை இரண்டு இடங்களில் வெட்டும்: ஒன்று 3, மற்றது மறை 13. இரண்டும் சமன்பாட்டுக்குப் பொருந்தும். ஆனால் ஒரு வேலியின் அகலம் மறை 13 மீற்றராக இருக்குமா? கைபேசி இரண்டையும் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும். எது நமக்கு உதவும் என்று பிள்ளைதான் யோசிக்க வேண்டும்.

சகோதரிகளே, இஷாவுக்குப் பின் கால் மணி நேரம் பிள்ளையின் அருகில் உட்காருங்கள். சூத்திரம் எதுவும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. "கோடு ஏன் இந்த இடத்தில் திரும்புகிறது?" என்று கேட்டால் போதும். உம்மாவுக்கு விளங்கும்படி சொல்லப் பழகிய பிள்ளைக்கு, பரீட்சைத் தாளில் வரும் கேள்வியும் இலகுவாக விளங்கும்.